இடம் மாறிய நாற்காலி

காலை 7.10. மருந்துப் பெட்டியில் வயிற்றுப்போக்கு மாத்திரை அட்டையைக் காணோம். மூன்று நாளுக்கு முன் அவசரத்துக்கு என்று வாங்கி வைத்தது, பத்து மாத்திரை. டிக்கெட் பரிசோதகருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்த மனிதர். வீட்டில் குண்டூசி தொலைந்தாலும் விசாரணைதான்.

7.15. முதல் சந்தேகம் மகன் மேல். வெளியூர் போய்விட்டு நேற்றுத்தான் வந்தவன்.

"பெட்டியில கை வச்சியா?"

"எதுக்குப்பா? என் வயிறு கல்லு மாதிரி இருக்கு. அம்மா தட்டுல வச்ச மிச்சத்தையும் நான்தான் சாப்பிட்டேன்."

மீதி இருப்பது மனைவி. அவளுக்குச் சிறுநீரகப் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்கும் பரவி நீர் கோத்துக்கொண்டதால், உட்கார்ந்தபடியே தூங்கியவள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை நோயின் மேல் ஏவிவிடும் ஊசி நான்கு முறை போட்டாயிற்று. இரண்டு மாதமாகத்தான் மூச்சு முட்டாமல் படுத்துத் தூங்குகிறாள். நாளை ஐந்தாவது.

ஃப்ரிட்ஜ் கதவில் நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு: 'வயிறு போனால் உடனே கூப்பிடவும். மருந்து குடலையும் தாக்கலாம். நீங்களாக மாத்திரை போடக் கூடாது.'

7.25. பாத்ரூமில் கை கழுவினார். இந்த வாரம்தான் பிரித்த சோப்பு, தகடாகியிருந்தது. வெளியே நடைக்கு வந்தவர் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியில் இடித்துக்கொண்டார். எப்போதும் ஜன்னலோரம் இருப்பது.

"இங்க ஏன் உட்கார்ந்திருக்க?"

"காத்து நல்லா வருது."

அந்த நடையில் ஜன்னலே கிடையாது.

பரிசோதகர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். 

"டிக்கெட் எடுக்காதவன், சீட் காலியா இருந்தாலும் உட்கார மாட்டான். படிக்கட்டு பக்கத்துலயே நிப்பான், எறங்கி ஓடணும்ல. நீயும் பாத்ரூம் கதவோரமா வந்துட்ட. தட்டுல பாதியை மிச்சம் வைக்கிற. சோப்பு கரையுது. மாத்திரையை எடுத்தது நீதான். எத்தனை தடவை போகுது?"

"ஆறு, ஏழு. மூணு நாளா." அவள் குரல் உடைந்தது. "சொன்னா ஊசியை நிறுத்திடுவாங்க. இப்பத்தான் மூச்சு முழுசா வருது. விட்டுடுங்களேன்."

கெஞ்சியவர்களைப் பல தடவை கண்டும் காணாமல் விட்டவர் அவர். இந்த முறை போனை எடுத்தார்.

"சீக்கிரம் சொன்னா, இதை அடக்கிட்டுத் திரும்பப் போடலாம்னு நர்ஸ் சொன்னாங்கல்ல."

"போடலைன்னா?"

 நர்ஸின் எண்ணை அழுத்தினார். விஷயத்தைச் சொன்னார். 7.40. எதிர்முனையில் நர்ஸ் கேட்டாள்: "எத்தனை நாளா இருக்கு?"

போனை மனைவியிடம் நீட்டினார். அவள் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அஞ்சு நாளாச்சும்மா."

அவரிடம் மறைத்த அந்த முதல் இரண்டு நாளும் அவர் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்திருந்தார்.