சனி இறங்கி வந்த மத்தியானம்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் எல்லோரும் கூப்பிடுவது அண்ணாந்தி என்றுதான்.

காரணம் இருக்கிறது. நடந்தால் மேலே பார்த்துக்கொண்டே நடப்பாள். உட்கார்ந்தாலும் மேலே பார்த்துக்கொண்டே உட்காருவாள். விளக்குக் கம்பங்களில் முட்டிக்கொண்டதற்குக் கணக்கே இல்லை. "மன்னிச்சிருங்க" என்று கம்பத்திடமே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

அவளுடைய அம்மாவுக்கு வேலையே மேலே பார்ப்பதுதான். பூங்காவின் மூலையில், விரித்த குடை போன்ற கூரையோடு ஒரு கோளரங்கம் இருந்தது. உள்ளே விளக்கை அணைத்தால் கூரை முழுவதும் நட்சத்திரங்கள் வந்துவிடும். பட்டப்பகலில் அங்கே ராத்திரியை வரவழைப்பது அம்மாவும் அம்மாவின் பழைய கணினியும்தான்.

விடுமுறை நாட்களில் அண்ணாந்தியும் அம்மாவோடு வந்துவிடுவாள். வாசல் நடையில் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு கிரகங்களைப் பார்ப்பாள்.

அந்தக் கிரகங்களைச் செய்தவர், வாசலில் டிக்கெட் கொடுக்கும் டிக்கெட் மாமா. அம்மா வேண்டாமென்று கொடுத்த பழைய சிடிகளின் ஒரு பக்கம் வண்ணம் பூசி, நடு ஓட்டையில் நூல் கோத்து, உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். மறுபக்கம் பளபளப்பாகவே இருந்தது. காற்றடித்தால் எல்லாம் சுற்றும். சுவரில் வெளிச்சத் துண்டுகள் மீன்களைப் போல நழுவி ஓடும்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் மாமா சனியைத்தான் முதலில் காட்டுவார். அதற்கு மட்டும் அட்டையில் வளையம் வெட்டி, விளிம்பில் ஒட்டியிருந்தார்.

"மத்ததெல்லாம் சும்மா பூசினது. இதுக்கு உயிரைக் குடுத்திருக்கேன்" என்பார்.

அன்று காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒரு பேருந்து வந்து நின்றது. தூரத்து ஊரிலிருந்து சின்னப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். மழையால் ஊஞ்சலும் இல்லை, படகும் இல்லை. டீச்சரின் முகமே தொங்கிப்போயிருந்தது.

"இது ஒண்ணாவது பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் டீச்சர்.

"சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்க. ஆத்துப் பாலத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள நான் வண்டியை எடுத்தாகணும்" என்றார் ஓட்டுநர்.

பிள்ளைகளில் ஒருத்தி ரொம்பச் சின்னவள். அக்காவுடையதோ யாருடையதோ, கணுக்கால் வரை தொங்கும் மழைக்கோட்டு போட்டிருந்தாள். கோட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. நேராக அண்ணாந்தியிடம் வந்தாள்.

"நட்சத்திரம் நெஜமா வருமா?"

"வருமே. ஏன், நீ பார்த்ததில்லையா?"

"எங்க ஊர்ல ராத்திரி பூரா ஆலை விளக்கு எரியும். வானமே மஞ்சளா இருக்கும். அண்ணன் எங்கேயோ போனப்ப பார்த்திருக்கான். தினமும் பீத்திக்கிறான்."

மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லாத ஊரை அண்ணாந்தியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"இன்னிக்கு நீ பார்ப்ப. அப்புறம் நீயும் பீத்திக்கலாம்" என்றாள்.

டீச்சர் பிள்ளைகளை விளக்கணைத்த அரங்கத்துக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. உடனே திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் கணினி வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் நின்றன. 'கோப்பு ஒன்றைக் காணவில்லை. கணினியுடன் வந்த சிடியைப் போடவும்' என்பதுதான் அதன் பொருள்.

அம்மா கம்ப்யூட்டர் அண்ணனுக்குப் போன் போட்டார். எது கெட்டாலும் வந்து சரிசெய்வது அவர்தான். இன்றைக்குப் பார்த்து அவர் வேறு ஊரில் இருந்தார். போனின் ஒலிபெருக்கியை அம்மா போட்டுவிட்டார்.

"பயப்படாதீங்க அக்கா. கரண்ட் போனதுல ஒரு ஃபைல் அழிஞ்சிருக்கும். சின்னதுதான். ஆனா காலையில எழுந்து மத்தவங்களை எழுப்புறதே அதுதான்."

"அது இல்லாட்டி?"

"யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. நட்சத்திரம், நிலா எல்லாம் உள்ளேதான் இருக்கு. தூங்கிட்டிருக்கு. பெட்டியோட வந்த சிடியில அதே ஃபைலுக்கு இன்னொரு நகல் இருக்கும். எடுத்துப் போட்டா முடிஞ்சது."

அண்ணாந்தி கண்ணை மூடினாள். கணினிக்குள் ஒரு பெரிய இருட்டு வீடு. வரிசையாகப் பாய் விரித்து நட்சத்திரங்கள் படுத்திருக்கின்றன. நிலா குறட்டை விடுகிறது. எழுப்புகிற ஆளின் பாய் மட்டும் காலியாக இருக்கிறது.

அம்மா இழுப்பறையிலிருந்து சிடியின் உறையை எடுத்தார். திறந்தார். உள்ளே இருந்த சிடியில் அம்மாவின் கையெழுத்திலேயே 'மழைச் சத்தம், பழசு' என்று எழுதியிருந்தது.

வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே என்று அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். சிடிகள் விஷயத்தில் மட்டும் எதை எடுத்தாலும் கைக்கு அகப்பட்ட உறையில் போட்டுவிடுவார்.

"அப்போ அந்த சிடி மழைச் சத்தம் உறைக்குள்ள போயிருக்குமோ?" என்றாள் அண்ணாந்தி.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த உறையைத்தான் வேண்டாத சிடிகளோட சேர்த்து மாமாகிட்ட குடுத்தேன்!"

இருவரும் நடைக்கு ஓடினார்கள். மேலே கிரகங்கள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மொத்தம் எட்டு. எல்லாவற்றின் பெயரும் வண்ணத்துக்குக் கீழே மறைந்துபோயிருந்தது.

"எதுல எதைப் பூசினேன்னு எனக்கு மட்டும் ஞாபகம் இருக்குமா?" மாமா கையை விரித்தார்.

"ஒவ்வொண்ணா கழட்டிப் போட்டுப் பார்க்கிறதுக்குள்ள பஸ் போயிடுமே" என்று அம்மா கையைப் பிசைந்தார். வெளியே ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

அண்ணாந்தி அம்மாவின் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"அண்ணா, அந்த சிடியோட பளபளப்புப் பக்கம் எப்படி இருக்கும்?"

போனில் அண்ணனின் குரல் துள்ளியது. "அட, இது எனக்குத் தோணலையே! நாமளா பதியிற சிடியெல்லாம் நீலமாவோ பச்சையாவோ ஊதாவாவோ இருக்கும். கம்பெனியில செஞ்சு வர்றது மட்டும் எவர்சில்வர் தட்டு மாதிரி வெளுப்பா இருக்கும்."

அண்ணாந்தி பெஞ்சில் படுத்துக்கொண்டாள்.

"படுக்கிற நேரமாடி இது?" என்றார் அம்மா.

"இருங்கம்மா. இப்படித்தான் எனக்கு ஞாபகம் வரும்."

எத்தனை காலைப் பொழுதுகளை அவள் அந்தப் பெஞ்சில் கழித்திருக்கிறாள்! வெயில் விழும்போது சுவரில் நழுவும் மீன்களை அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். புதனின் மீன் பச்சை. பூமியின் மீன் ஊதா. வியாழனுடையது நீலம், நீலத்திலும் வெளிறிய நீலம்.

"ரெண்டுதான் மாமா வெளுப்பு. செவ்வாயும் சனியும்."

மாமா சட்டென்று குறுக்கே வந்தார். "செவ்வாயை எடுத்துக்கோ! அதுவாத்தான் இருக்கும். எனக்கு நல்லாத் தெரியும்."

செவ்வாய் இறங்கியது. அம்மா அதைக் கணினியின் தட்டில் வைத்துத் தள்ளினார். கொஞ்ச நேரம் முனகிவிட்டு அதே கறுப்புத் திரைதான் வந்தது. நடு ஓட்டையைச் சுற்றியிருந்த பொடி எழுத்துகளை அண்ணாந்தி உற்றுப் படித்தாள். 'பத்து விரல்களால் தட்டச்சு பழகுங்கள்' என்று இருந்தது.

"இதையா இத்தனை நாளா தேடினேன்!" என்றார் அம்மா. இன்னமும் அவர் இரண்டு விரல்களால்தான் தட்டச்சு செய்கிறார்.

மிச்சம் இருந்தது சனி.

அண்ணாந்தி மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள். கழற்றித் தாருங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மாமாவின் சனியை அவளுக்கும்தான் பிடிக்கும்.

"மாமா, அந்த மழைக்கோட்டுப் பொண்ணு இருக்காள்ல, அவ நட்சத்திரமே பார்த்ததில்லையாம்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

மாமா கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நானே கழட்டுறேன். நீங்க யாரும் தொடாதீங்க. வளையம் கிழிஞ்சிடும்."

விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுவது போல அவ்வளவு மெதுவாக வளையத்தைப் பிரித்தார். வளையத்தை அதே நூலில் கட்டிவிட்டு, சனியை அண்ணாந்தியின் உள்ளங்கையில் வைத்தார். அதைக் கொண்டுபோகிற வரைக்கும் அவள் மூச்சுகூட விடவில்லை.

முதலில் கணினி அதைப் படிக்க மறுத்தது.

"விளிம்புல பசை ஒட்டியிருக்கும் பாப்பா" என்றார் போனில் அண்ணன். "மெல்லிசான துணியால துடை. வட்டமாத் தேய்க்காதே. நடுவிலேருந்து வெளியே துடை."

பாவாடை நுனியை ஈரமாக்கித் துடைத்தாள். மறுபடி உள்ளே தள்ளினாள். கிர்ர்ர் என்று மாவு மில் போலச் சத்தம் வந்தது. மாமாவின் தடித்த வண்ணத்தையும் சுமந்துகொண்டு சனி சுற்றத் தொடங்கியது.

திரையில் புதிய எழுத்துகள் வந்தன.

"வந்துடுச்சு!" என்று அம்மா கத்தினார்.

"சரி அக்கா, இனி நான் சொல்றதை அப்படியே அடிங்க. ஒரு எழுத்து தப்பக்கூடாது."

அம்மா இரண்டு விரல்களால் அடிக்க ஆரம்பித்தார். அரங்கத்துக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இருட்டில் காத்திருந்து காத்திருந்து பிள்ளைகள் பொறுமை இழந்துவிட்டார்கள். வெளியே ஹாரன் மறுபடி அலறியது.

அண்ணாந்தி செவ்வாயைக் கையில் எடுத்தாள். மாமாவின் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரும் சத்தம் போடாதீங்க. நட்சத்திரமெல்லாம் தூங்குது."

அழுகை சட்டென்று நின்றது.

"எப்ப எழுந்திரிக்கும்?" மழைக்கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எழுப்புற ஆள் கிளம்பிட்டார். வந்துட்டே இருக்கார். அதுவரைக்கும் இதைப் பாருங்க."

டார்ச் வெளிச்சத்தைச் செவ்வாயின் பளபளப்பில் விட்டாள். கூரையில் ஒரு வானவில் விழுந்தது. மணிக்கட்டை மெல்லத் திருப்பினாள். வானவில் நீண்டது, வளைந்தது, கூரையைச் சுற்றி நீந்தியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாய்ந்து படுத்தார்கள். மழையின் சத்தம் மட்டும் கூரைமேல் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓட்டுநர் வந்தார்.

"டீச்சர், இதுக்கு மேல..."

"உஷ்ஷ்!" என்றார்கள் அத்தனை பிள்ளைகளும். ஓட்டுநர் பேசாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "அண்ணாந்தி, டார்ச்சை அணை" என்றது அம்மாவின் குரல். அந்தக் குரலிலேயே சிரிப்பு இருந்தது.

அவள் அணைத்தாள். கும்மிருட்டு.

பிறகு ஓரத்தில் ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. யாரோ ஒருவர் ஒவ்வொரு பாயாகப் போய்த் தோளைத் தட்டி எழுப்புவது போல, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரை காணாமல் போனது. வானம் மட்டும் இருந்தது.

அந்தச் சின்னவள் மழைக்கோட்டின் தொப்பியை மெல்லப் பின்னால் தள்ளினாள். அவளுக்குச் சுருட்டை முடி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"இதெல்லாம் எங்க ஊருக்கு மேலயும் இருக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"இருக்கு. ஆலை விளக்குக்குப் பின்னாடி. எங்கேயும் போயிடலை."

அவள் அண்ணாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்தியும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மா வானத்தில் வளையம் போட்ட சனியைக் காட்டியபோது கதவோரம் நின்றிருந்த டிக்கெட் மாமா மூக்கை உறிஞ்சியது அவள் காதில் விழுந்தது.

காட்சி முடிந்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். ஓட்டுநர் எழவில்லை. "பாலம் சார், பாலம்" என்று டீச்சர்தான் அவரை உலுக்கவேண்டியிருந்தது.

அம்மா சிடியைச் சரியான உறையில் வைத்து, இழுப்பறையைப் பூட்டி, சாவியை அண்ணாந்தியிடம் கொடுத்துவிட்டார். "இனி இது உன் பொறுப்பு. என்னை நம்ப முடியாது."

நடையில் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அண்ணாந்தபடியே போனதால் இரண்டு பேர் தூணில் முட்டிக்கொண்டார்கள். சின்னவள் மட்டும் கிரகங்களுக்குக் கீழே நின்றுவிட்டாள். மேலே, வியாழனுக்குப் பக்கத்தில், வெறும் அட்டை வளையம் ஒன்று தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, வளையம் மட்டும் இருக்கு. சனி எங்கே?"

மாமா மேலே பார்த்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேலைக்குப் போயிருக்கும்மா" என்றார்.