ஆறாம் பெட்டிக்கும் ஏழாம் பெட்டிக்கும் நடுவே

"எழுந்திரிங்க... அது என் இடம்."

அவன் கண்ணைத் திறந்தான். எதிரே ஒரு பெண் நின்றாள். நெற்றி முடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் சக்கரம் உடைந்த பெரிய சூட்கேஸ்.

"உங்க இடமா? இருபத்தொண்ணு என்னுதுங்க."

"எனக்கும் இருபத்தொண்ணுதான். பாருங்க."

டிக்கெட்டை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... பெரிய கண்கள். எதிரில் இருப்பவனுக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று அளப்பதுபோலப் பார்த்தன. அவள் ஒரு நர்ஸ். அது அவனுக்கு அப்போது தெரியாது.

"இடம் இருபத்தொண்ணு, சரி. பெட்டி ஒன்பதுன்னு போட்டிருக்கே? இது நாலாவது பெட்டி."

அவள் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது. ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை.

"அதனால என்ன? எல்லாம் ஒரே ரயில்தானே. உள்ளயே நடந்து போயிக்கறேன்."

"அது முடியாதும்மா," என்றார் பின்னால் வந்த அட்டெண்டர். கையில் விரிப்பு, போர்வை, தலையணை என்று தாடை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார். "முதல் தடவையா ராத்திரி ரயில்?"

"இல்ல," என்றாள் சட்டென்று. பிறகு, "ஆமா."

"ஜங்ஷன்ல இந்த ரயில் ரெண்டாப் பிரியும். ஆறாவது பெட்டி வரைக்கும் ஒரு ஊரு. ஏழுலேருந்து கடைசி வரைக்கும் வேற ஊரு. நடுவுல இருக்கற கதவப் பூட்டியிருப்போம். நீங்க ஜங்ஷன்ல எறங்கி, பிளாட்பாரத்துல பின்பக்கமா நடந்து போய் ஏறணும். ஏறுறதுக்கு முன்னாடி இடத்து நம்பர மட்டும் பாக்கக் கூடாதும்மா. பெட்டி நம்பரத்தான் முதல்ல பாக்கணும்."

அட்டெண்டர் போர்வைகளோடு நகர்ந்தார். அவள் நின்றாள். அவன் ஜன்னல் பக்கம் ஒதுங்கினான்.

"ஜங்ஷன் வர்ற வரைக்கும் உக்காருங்க. இருபத்தொண்ணுல ஆளுக்குப் பாதி."

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள்போல. வெளியே மழை கண்ணாடியில் கோடு கோடாக ஓடியது. அவன் போனை சார்ஜில் போட்டுவிட்டுத் திரும்பினான்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். நீங்க?"

"நர்ஸ். நாளைக்குப் புது ஆஸ்பத்திரியில சேரணும்." கொஞ்சம் பொறுத்து, "ஊருக்கா போறீங்க?"

"ம்... சும்மா. அக்காவப் பாக்க."

அதில் 'சும்மா' என்பது பொய். அந்தப் பொய்யை அவன் யோசித்துச் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவளிடம் வீட்டுக் கதையை எதற்கு அளக்க வேண்டும் என்று நினைத்தான்... அவ்வளவுதான்.

ஜங்ஷன் வந்தபோது மழை வலுத்திருந்தது. அவள் சூட்கேஸை இழுத்தாள். அது வரமாட்டேன் என்றது.

"குடுங்க."

"வேணாம். நானே தூக்கிப்பேன்."

"தூக்குவீங்க. ஆனா அதுக்குள்ள ரயில் கெளம்பிடும்."

அவன் அதைத் தூக்கித் தோளில் வைத்தான். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "உள்ள என்னங்க, செங்கல்லா?"

"புக்ஸு."

"நல்லா படிச்ச கனம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இருவரும் பிளாட்பாரத்தில் ஓடினார்கள். ஐந்து... ஆறு... பூட்டிய கதவு... ஏழு... எட்டு. ஒன்பதாம் பெட்டியில் அவள் முதலில் ஏறினாள். அவன் சூட்கேஸை உள்ளே தள்ளி, வழியில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்களே என்று இருபத்தொன்றாம் படுக்கைக்கு அடியில் செருகப் போனான். சூட்கேஸ் பெரியது, இடம் சின்னது. பக்கவாட்டில் திருப்பி, காலால் உதைத்து, ஒருவழியாக உள்ளே செருகினான். நிமிர்ந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வேறு தண்டவாளத்தில் முன்பாதி ரயில், அவனுடைய பையும் போனும் இருக்கும் நாலாம் பெட்டியோடு, வளைந்து விலகிப் போனது.

அவள் அவசரக் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். அவன் தடுத்தான்.

"வேணாங்க. யாராவது மயங்கி விழுந்தா, எங்கயாவது தீப்பிடிச்சா இழுக்கறது அது. ரயில் பூரா ஆளுங்க இருக்காங்க. என் ஒருத்தனுக்காக எல்லாரையும் நடுவழியில நிக்க வைக்கறதா?"

இந்தப் பாதிக்கு ஒரு பெண் அட்டெண்டர். இடுப்பில் சாவிக்கொத்து. விஷயத்தைக் கேட்டதும் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு வேலையைப் பார்த்தார். முன்பாதி அட்டெண்டருக்குப் போன் செய்து பையையும் போனையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்கோங்க தம்பி. விடியற நேரம் திரும்பிப் போற ரயில் ஒண்ணு இருக்கு. ஜங்ஷன் போய் மாறினா மத்தியானத்துக்கு மேல போயிடலாம். அவசர வேல ஒண்ணும் இல்லியே?"

அவன் முகத்தைத் துடைத்தான். மழையா வியர்வையா என்று தெரியவில்லை.

"காலைல பதினோரு மணிக்கு எங்கக்காவுக்குக் கல்யாணம்."

அவள் நிமிர்ந்தாள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. அக்கா பக்கத்துலேருந்து சாட்சிக் கையெழுத்துப் போட நான் ஒருத்தன்தான். எங்களுக்கு வேற யாரும் இல்ல. அம்மா போனப்புறம் என்னை வளர்த்ததே அவதான். அவளுக்குன்னு ஒரு நாள் வர இத்தன வருஷம் ஆச்சு..."

கை பழக்கத்தில் சட்டைப் பையில் போனைத் தேடியது.

"சும்மா போறேன்னீங்க!"

"ஆமா... சொன்னேன்."

"உங்கக்கா நம்பர் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது. அவன் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். அவன் கை நீட்டினான். அவள் போனைக் கொடுக்கவில்லை.

"ஹலோ... என்னை உங்களுக்குத் தெரியாது. உங்க தம்பி என் பக்கத்துலதான் இருக்காரு."

"அடிகிடி பட்டுருச்சா அவனுக்கு?"

"இல்ல, நல்லா இருக்காரு. ரயில் மாறிட்டாரு. என்னாலதான்."

"உன்னாலயா? நீ யாரும்மா?"

"அவர் இடத்துல தப்பா உக்காந்தவ. என் சூட்கேஸத் தூக்கிட்டு வந்து என் பெட்டியில மாட்டிக்கிட்டாரு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு. கல்யாண நேரத்தக் கொஞ்சம்... தள்ளி வைக்க முடியுமாக்கா?"

கேட்கக்கூடாததைக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் அக்கா சிரித்துவிட்டாள்.

"நான் பஸ் ஓட்டறவம்மா. லேட்டா ஓடி வர்றவனுக்காக ஒரு நாளும் வண்டிய நிறுத்துனதில்ல. நாளைக்கு நிறுத்தறேன்னு சொல்லு அவன்கிட்ட. சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள வந்தாப் போதும். மாப்பிள்ளை எங்கயும் ஓடமாட்டாரு, நான் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு என்னவோ செய்தது... ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அட்டெண்டர் ஒரு கோப்பையில் வெந்நீரும் ஒரு துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். அவன் தலையைத் துவட்டினான். படுக்கையின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன். இவனுக்கு லிஃப்ட் சரிசெய்கிறவன் கை... நகக்கண்ணில் கறுப்பு, ஆனால் துண்டை எவ்வளவு ஒழுங்காக மடிக்கிறான்! இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுடைய அப்பா அழைத்தார்.

"ஏறிட்டியாம்மா? சரியான பெட்டிதானே?"

"ஏறிட்டேன்ப்பா. ஒன்பதாவது பெட்டி. இருபத்தொண்ணு."

"தனியா சமாளிச்சுட்டியா? அண்ணனக் கூட்டிட்டுப் போன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்..."

"அதெல்லாம் நல்லா சமாளிச்சுட்டேன்ப்பா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் உதட்டில் ஒரு சிரிப்பு. அது பாதிதான் வந்திருந்தது, ஆனாலும் பார்த்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"இல்ல... ஏறிட்டேன்னு சொன்னீங்க. எப்போ ஏறினேன்னு சொல்லல. அதான்..."

"உங்களுக்குத் தமாஷா இருக்குல்ல? வீட்ட விட்டு வெளிய வர்றதுக்கு எத்தன நாள் சண்டை போட்டேன் தெரியுமா? உன்னால தனியா ஒரு ரயில் ஏற முடியுமான்னு கேட்டுக் கேட்டு..." சொல்லக்கூடாத வார்த்தை தெளிவாக வந்தது. "நான் கேட்டனா, சூட்கேஸத் தூக்கிட்டு வரச்சொல்லி?"

அவன் சிரிப்பு நின்றது.

"இல்ல. நீங்க கேக்கல."

எழுந்து போய்க் கதவோரமாக நின்றுகொண்டான். அவள் கூப்பிடவில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தவர்களுக்கு வரும் கோபம் அது. லேசில் இறங்காது.

அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றது. அவள் கதவு வரைக்கும் போனாள். அவன் இறங்கி, மழையில் திரும்பிப் பார்த்தான்.

"போய்ப் படுங்க. உங்க ஊரு வர்றதுக்கு முன்னாடி அட்டெண்டரே வந்து எழுப்புவாங்க. செருப்ப மட்டும் கைக்கெட்டற இடத்துல வச்சுக்கோங்க."

மன்னிச்சுடுங்க... அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சரி," என்றாள்.

ரயில் கிளம்பியது.

புது ஆஸ்பத்திரியில் வேலை நிறைய இருந்தது. அவள் அதைச் சரியாகச் செய்தாள். ஊசி போடும்போது கை நடுங்கவில்லை, சாப்பாடு இறங்காமல் இல்லை. காதல் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பாள். ஆனால் மழை பெய்கிற நாளில் வார்டு ஜன்னலைச் சாத்தப் போனால், சாத்த மறந்து நின்றாள். போனில் அக்காவின் எண்ணை எடுப்பாள்... பார்ப்பாள்... வைத்துவிடுவாள். 'நான் கேட்டனா' என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு இப்போது என்ன கேட்பது?

ஒரு விடுமுறை நாளில், துணி காயப்போடும்போது, யோசிக்காமல் அழுத்திவிட்டாள்.

"ஹலோ... நான்தான்க்கா... அந்த..."

"இடத்துல தப்பா உக்காந்தவதானே? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"கல்யாணம்...?"

"ஆயிருச்சு. ஆபீஸ் மூடப்போற நேரத்துல வந்தான், எவன் சட்டையையோ போட்டுக்கிட்டு. கையெழுத்துப் போட்டுட்டு அழுதான். அழுதான்னு சொன்னா என்னை அடிக்க வருவான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "என்னப்பத்தி ஏதாவது...?" என்றாள்.

"உன் நம்பர் வேணுமாடான்னு நானே கேட்டேன். வேணாமாம். 'அவங்க உன்கூடத்தான் பேசினாங்க, எனக்கா நம்பர் குடுத்தாங்க?'ன்னான். பெரிய மனுஷன்! அப்புறம் ஏன் இங்க வர்றப்பல்லாம் என் போன் அடிச்சா எட்டி எட்டிப் பாக்கறான்னு நீயே கேளு."

அன்று மாலை அவள் அப்பாவை அழைத்தாள்.

"அப்பா... அன்னிக்கு நான் தப்பான பெட்டியிலதான் ஏறினேன். ஒருத்தர் உதவி பண்ணாரு. அவர்கிட்ட நான் சரியா நடந்துக்கல."

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது. பிறகு, "எறங்கிச் சரியான எடத்துக்குப் போயிட்டல்ல?" என்றார்.

"போயிட்டேன்."

"அப்புறம் என்னம்மா! இதுக்குப் போயா இத்தன நாள் மனசுல வச்சிருந்த?" கொஞ்சம் இருமிவிட்டு, "யாரு அந்த ஒருத்தர்?" என்றார்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்ப்பா."

அக்கா சொன்ன முகவரி ஒரு ஆறுமாடிக் கட்டடம். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. கூண்டு மேலே எங்கோ நின்றது. கீழே, ஆளுயரப் பள்ளத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகு தெரிந்தது.

"இங்க யாரும் வரக்கூடாதுங்க, வேல நடக்குது," என்றபடி நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றான்.

"நீங்களா... இங்க?"

"சொல்ல வேண்டியதச் சொல்லிடறேன். நடுவுல பேசாதீங்க. பேசினா எனக்குக் கோபம் வரும், மறுபடியும் எதையாவது உளறிடுவேன்."

அவன் தலையாட்டினான்.

"அன்னிக்கு நன்றியும் சொல்லல, மன்னிப்பும் கேக்கல. ரெண்டும் இப்ப சொல்றேன். ஆனா அதுக்கு மட்டும்னா போன்லயே சொல்லியிருப்பேன்..."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"பேசாதீங்கன்னேன்ல!"

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது. அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கண்கள் இப்போது எதையும் அளக்கவில்லை. இமை தாழ்ந்து, மறுபடி உயர்ந்து, அவனை நேராகப் பார்த்தன.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. தினமும் உங்க ஞாபகம் வருது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க... ஏறி வந்துடறேன். இதுக்குப் பள்ளத்துல நின்னுக்கிட்டுப் பதில் சொல்லக்கூடாது."

ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து, அவள் எதிரே நின்றான். மூச்சு வாங்கியது. கையைத் துணியில் துடைத்தான், போகவில்லை.

"கையெல்லாம் கிரீஸுங்க."

"தெரியுது," என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தேன்ல..." அவன் குரல் கரகரத்தது. "அக்கா கல்யாணத்த நினைச்சுத்தான் கவலப்பட்டிருக்கணும். உங்களத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கும் அன்னிலேருந்துதாங்க..."

மேலேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"தம்பி! லிஃப்ட் ரெடியா?"

அவன் அண்ணாந்து, கையை விடாமலே, குரல் கொடுத்தான்.

"இன்னிக்குப் படியிலயே எறங்கிக்கோங்க சார்!"