பிரிவுப் பாட்டுக்கு ஒரு ட்ரம்பெட்

மூடிய பெட்டிக்குள்ளிருந்து ட்ரம்பெட் அலறியது.

தோர்ண்டன் ஹீத் சேர்ச் மண்டபத்தில் பற்றீஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள். மேசையில் லெஸ்லியின் படம், ஒரு மெழுகுதிரி, அவனுடைய கறுப்பு ட்ரம்பெட் பெட்டி. பெட்டியின் இரண்டு கொக்கிகளும் பூட்டியபடியே இருந்தன.

அன்று அவன் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை. மன்னாரில் பங்குக் கோயில் பாண்டில் ஊதப் பழகிய லெஸ்லி, புலம்பெயர்ந்து வந்த இங்கே ஒரு மெக்சிகோ உணவகத்தின் மரியாச்சிக் குழுவில் வெள்ளிதோறும் ஊதினான். அந்தக் குழு அகலத் தொப்பிகளோடு கடைசி விடை கொடுக்க வந்திருந்தது.

தலைவர் எமிலியோ, லெஸ்லியின் மனைவி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றாள் றொசானா. அவர் முகம் மாறியது. லெஸ்லி ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிரிவுப் பாட்டை மனைவிக்கென்று சொல்லித்தான் ஊதுவாராம். மனைவியும் முன்மேசையில் இருந்து கண்ணைத் துடைப்பாவாம்.

றொசானாவுக்கு வெள்ளிதோறும் கெயர் ஹோமில் ஷிப்ட். அந்த உணவகத்தின் வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை.

ஆனாலும் நிமிர்ந்து நின்று, அந்தப் பாட்டை என் பெயர் சொல்லியே பாடுங்கள் என்றாள். யார் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்களோ, அவரிடம்தான் இறந்தவர் விடைபெற்றுப் போவார் என்பது அந்தக் குழுவின் நம்பிக்கை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு விடையாவது வேண்டும்.

பாடினார்கள். ட்ரம்பெட் ஊதவேண்டிய இடம் வந்தது. லெஸ்லிக்காக அதை மௌனமாக விட்டார்கள்.

அப்போதுதான் பெட்டி அலறியது.

கிற்றார்கள் நின்றன. மெழுகுதிரி அணைந்தது. லெஸ்லி பூசும் சவரத் தைலத்தின் எலுமிச்சை வாசம் மண்டபமெங்கும் பரவியது.

றொசானா கொக்கிகளைத் திறந்தாள்.

ட்ரம்பெட் சில்லிட்டுக் கிடந்தது. வாய் வைத்து ஊதும் மௌத்பீஸ் அதில் இல்லை. அதை அவன் கைக்குள் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள்.

சத்தம் நிற்கவில்லை.

அது நகர்ந்தது.

அவளைத் தாண்டி, படத்தைத் தாண்டி, பற்றீஸ் சூடாக்கும் குசினிப் பக்கம் போனது. யாரோ நடந்தபடியே ஊதுவதுபோல.

றொசானா பின்னால் போனாள்.

குசினிக்குள் பிறேமினி மட்டும் நின்றாள். றொசானாவின் கூடப்பிறந்தவள்போல அடக்கச் செலவிலிருந்து பற்றீஸ் வரை பார்த்தவள். லெஸ்லி அண்ணை, லெஸ்லி அண்ணை என்று வாய் ஓயாதவள். அன்று காலையிலிருந்து அவள் குசினியை விட்டு வெளியே வரவேயில்லை.

சத்தம் அவள் முன்னே வந்து, மெல்லத் தேய்ந்து அடங்கியது.

"ஏன் பிறேமினி நெஞ்சைப் பொத்திறாய்?"

பிறேமினி கையை எடுத்தாள். சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளி மௌத்பீஸ் தொங்கியது.

றொசானா தொட்டாள். சுட்டது. விளிம்பு ஈரமாக இருந்தது.

"சவப்பெட்டி மூடமுன்னம் எடுத்திட்டன், அக்கா," பிறேமினி கிசுகிசுத்தாள். "அந்த நாளிலை இருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவர் என்னட்டைத்தான் வாறார்."