தேரிக்காட்டில் கொதித்த ஜீப்

"ஏல தாவீது, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுலே! பேனர்ல என் மூஞ்சி மடங்கிக் கிடக்கு!" என்றான் சுயம்பு.

"மடங்கல மக்கா. உன் மூஞ்சியே அப்படித்தான்."

தாவீது சிரித்துக்கொண்டே பேனரின் கயிற்றை ஜீப்பின் பானட் விளிம்பில் முடிந்தான். கோயில் கொடைக்குப் போகும் வேனோ, மாப்பிள்ளை வீட்டுக் காரோ, அந்தப் பக்கத்தில் முன்னால் ஒரு பேனர் இல்லாமல் கிளம்பாது. தாவீது நடத்துவதோ பேனர் கடை. விடுவானா? 'குதிரை மீட்புக் குழு' என்று சிவப்பு எழுத்து. கீழே மூன்று முகங்கள்: ஜீப்புக்காரன் சுயம்பு, அவன் தங்கை பொன்னிசக்கி, நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட தாவீது. காற்றில் பறக்காமலிருக்க அடியில் ஒரு மரச்சட்டமும் கோத்துத் தொங்கவிட்டிருந்தான்.

"எங்க குலசாமி குதிரையத் தேடிப் போறோம். நடுவுல நீ எதுக்குண்ணே?" என்றாள் பொன்னிசக்கி.

"பேனர் யாருது தங்கச்சி? என்னுதுலா!"

அவர்கள் குலசாமி அய்யனாரின் மண்குதிரையைத் தேரிக்காட்டுச் செம்மணல் விழுங்கி வெகுகாலம் ஆகிறது. அங்கே மணல்மேடு நின்ற இடத்தில் நிற்காது. காற்றடித்தால் நகர்ந்து போய் வேறு எதையாவது மூடும். கோயில் இருந்த இடம் ஞாபகமிருப்பது ஆதிலிங்கம் பெரியப்பா ஒருவருக்குத்தான். "நான் வெயிலுக்கு முந்தி நடந்து போய் அடையாளம் பாத்து வைக்கேன். நீங்க மம்பட்டியும் தண்ணியும் எடுத்துட்டு வாங்க" என்று விடியும்போதே கிளம்பிப் போயிருந்தார்.

ஜீப் தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்கியது! நாலாபக்கமும் ரத்தச் சிவப்பில் மேடு மேடாக மணல். அங்கங்கே முள் அடர்ந்த உடைமரம், முந்திரி காய்க்கும் கொல்லாமரம். "ஓய்!" என்று தாவீது கூவினான். அப்போதுதான் பொன்னிசக்கியின் செல்போன் அடித்தது.

"ஏட்டி... நான்தான்..." பெரியப்பாவின் குரல் தேய்ந்து வந்தது. "தடுக்கி விழுந்துட்டேன். கால ஊன முடியல. தண்ணி பூராம் மணல்ல கொட்டிட்டு. மொட்டப் பனைக்குத் தெக்க..."

அதோடு நின்றுபோனது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. வீட்டுக்குக் கூப்பிடலாமென்றால் இவர்கள் போனிலும் சிக்னல் கோடு இல்லை.

"அண்ணே, அவியளுக்குச் சர்க்கரை வேற இருக்கு. இந்த வெயில்ல தண்ணி இல்லாம..." என்றாள் பொன்னிசக்கி.

"பிடிச்சுக்கோங்க!" சுயம்பு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

மணலில் சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. முதல் கியரிலேயே எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவது மேடு தாண்டவில்லை, வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது!

"நிறுத்துண்ணே! கொதிக்கி!"

சுயம்பு குதித்து இறங்கிப் பானட்டைத் தூக்கினான். அனல் முகத்தில் அறைந்தது. தாவீது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

"தொடாத! சூட்டுல திறந்தா வெந்நி மூஞ்சில பீச்சும்!" சுயம்பு அவன் கையைத் தட்டிவிட்டான்.

"அப்ப ரேடியேட்டர் பக்கத்து டப்பாலயாவது ஊத்துவோம். ரெண்டு கேன் தண்ணி இருக்குல்லா?"

"அது பெரியப்பாவுக்கு!" என்றாள் பொன்னிசக்கி. "அந்தப் பக்கத்து டப்பாவப் பாரு, தண்ணி கோட்டுக்கு நேரா நிக்கி. அதுல குறையவே இல்ல. பொறவு எதுக்கு ஊத்தணும்?"

சுயம்பு மணலில் படுத்து அடியில் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான், விறைப்பாகத்தான் இருந்தது. மறுபடி ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேலும் கீழும் போகும் ரப்பர் குழாய்களைத் துண்டு சுற்றிப் பிடித்துப் பார்த்தான். "மேல கொதிக்கி, கீழ சூடு குறைவு. தண்ணி சுத்தி வருதுட்டி. ஃபேனும் சுத்துது. அப்ப என்ன எழவுக்குக் கொதிக்கணும்?"

அதற்குள் முள் தானாகவே இறங்கிவிட்டது.

"சரியாயிட்டு! ஏறுங்க!"

ஒரு மேடு. சரிவு. அடுத்த மேட்டின் பாதியில், மறுபடி சிவப்பு!

இறங்கினார்கள். திறந்தார்கள். முள் இறங்கியது. மூடினார்கள், போனார்கள். மறுபடி கொதித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மொட்டைப் பனை தூரத்தில் குச்சிபோல் நின்றது; கிட்டத்தில் வந்தபாடில்லை.

"ரேடியேட்டர்ல மணல் அடைச்சிருக்கும் மக்கா" என்றான் தாவீது.

சுயம்பு செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். ஓட்டை ஓட்டையாகப் பளிச்சென்றிருந்தது. "இல்லலே. போன வாரந்தான் கழுவுனேன்."

"நான் கேனைத் தூக்கிட்டு ஓடிருதேன்" என்றான் தாவீது. இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஓடு, தண்ணி கொடுத்துருவ. கால் போன மனுசர இந்த மணல்ல எப்படித் தூக்கிட்டு வருவ? ஜீப் வேணும்" என்ற சுயம்பு, ஆத்திரத்தில் சக்கரத்தை ஓர் உதை உதைத்தான். வலித்தது அவன் காலுக்குத்தான்.

பொன்னிசக்கி மட்டும் முள்ளையும் பானட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று, "அண்ணே, ஒண்ணு கேக்கேன். இது எப்ப ஆறுது?"

"நிறுத்துனா ஆறுது."

"நிறுத்துனா ஆறுதா, திறந்தா ஆறுதா?"

சுயம்பு திறந்து கிடந்த பானட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"பானட்ட மூடு. ஜீப்ப நகத்தாத. இங்கனயே வச்சு எஞ்சின ஓட்டு, பாப்போம்."

மூடினான். வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. முள் மெல்ல மெல்ல ஏறியது! பொன்னிசக்கி தன் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். ஃபேன் காற்றை இழுக்கிறதென்றால் துணியையும் இழுக்க வேண்டுமே! நீட்டினாள். துணி செத்த பாம்பாகத் தொங்கியது.

பிறகுதான் பேனரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே! ரெண்டு பேரும் இங்க வாங்க! நம்ம லெட்சணத்தப் பாருங்க!"

ஃபேன் இழுத்த இழுப்பில் பேனர் ஜீப்பின் முன்கம்பி கிரில்லோடு அப்பிக் கிடந்தது. மூன்று முகமும் கன்னம் ஒட்டி, வாய் உள்ளே போய், பல் போன கிழங்களாகச் சிரித்தன. ஒரு பொட்டுக் காற்று உள்ளே போக வழியில்லை!

"பானட்ட தூக்குனா இதுவும் கூடவே மேல போயிருது. காத்து உள்ள போவுது, எஞ்சின் ஆறுது. நாம எல்லாத்தையும் பாத்தோம். மூடிக்கிட்டிருந்தத மட்டும் பாக்கல!"

"எத்தனை வேனுக்குக் கட்டிருக்கேன்! ஒண்ணும் ஆனதில்லையே!" என்றான் தாவீது, அழாத குறையாக.

"அதெல்லாம் தார் ரோட்டுல ஓடுற வேன். இது மணல்ல முக்குதுலே! அவுரு!"

தாவீது கயிற்றைப் பல்லால் கடித்தே அவிழ்த்தான். ஃபேன் 'உஸ்ஸ்' என்று காற்றைக் குடித்தது. பொன்னிசக்கி மறுபடி துப்பட்டாவை நீட்டினாள். துணி பாய்ந்துபோய் கிரில்லில் ஒட்டிக்கொண்டது!

அதற்கப்புறம் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. மேடு, சரிவு, மேடு! சுயம்பு ஜீப்பைக் குதிரை மாதிரி விரட்டினான். மொட்டைப் பனை கிட்டே வந்தது, பெரிதானது, பின்னால் போனது. தெற்கே திரும்பி ஹாரனை விடாமல் அடித்தான்.

பதில் இல்லை.

"எஞ்சின நிறுத்து" என்றாள் பொன்னிசக்கி. காற்றில் மணல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. "பெரியப்பா! பெரியப்பாவ்!"

"இங்கனதாம்லே கிடக்கேன்..." ஓர் உடைமரத்தடியிலிருந்து நூலாக ஒரு குரல். "ஆரன் அடிச்சே... காத செவிடாக்கிராதிய."

மூவரும் பறந்தார்கள்! உதடு வெடித்து, வேட்டி முழுக்கச் செம்மண்ணாக, ஒதுங்கிய நிழலில் சுருண்டு கிடந்தார். பொன்னிசக்கி தலையை மடியில் தூக்கி வைத்தாள்.

"மெதுவா பெரியப்பா. வாய நனைச்சு நனைச்சுக் குடிங்க."

கண்ணில் உயிர் திரும்பியது. சுயம்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறுபக்கம் பார்த்தான்.

"இம்புட்டு மணல்ல எதுல போயித் தடுக்கி விழுந்திய?" என்றான் தாவீது.

"அதத்தாம்லே சொல்ல வாறேன். கல்லுன்னு நினைச்சு வாய்க்கு வந்தபடி வஞ்சேன். பொறவு திரும்பிப் பாத்தா..." விரலை நீட்டினார். "காது!"

மணலுக்கு மேலே, சாண் உயரத்துக்கு, ஒரு மண்குதிரையின் காது நின்றது!

தாவீதும் சுயம்புவும் வெறுங்கையாலேயே மணலைத் தோண்டினார்கள். நெற்றி வந்தது. உருண்டைக் கண் வந்தது. கழுத்தில் மண்ணால் செய்த மணிச்சரம், ஒரு மணிகூட உடையாமல் வந்தது. பெரியப்பா கிடந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். "பூராத்தையும் நாளைக்கு ஊர கூட்டிட்டு வந்து எடுப்போம். என்னய மொதல்ல ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கலே."

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார் டாக்டர். சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தபோது சேதி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்!

"ஜீப்பு என்னலே கோளாறு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"கோளாறு ஜீப்புல இல்ல" என்றான் சுயம்பு. "நாங்க ஆசையா மாட்டுனதுல. இனி வண்டி மக்கர் பண்ணுனா, கடைசியா நாம எங்க கை வச்சோம்னுதான் மொதல்ல பாக்கணும். எந்தங்கச்சி பாத்தா."

முன்சீட்டில் தலையணைமேல் காலை நீட்டி, மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்த ஆதிலிங்கம் பெரியப்பா அவன் தோளைத் தட்டினார்.

"பேசுனது போதும்லே. ஜீப்ப மெதுவா விடு. எல்லாரும் என்னயப் பாக்கட்டும்!"