ஒன்றுமில்லை என்று எழுதியவள்

மருத்துவமனையின் பழைய கட்டிடத்துக்குள் பெரியவள் நுழைந்தபோது மதியம் பன்னிரண்டு மணி. இருபது நாள் லீவு முடிந்து வருகிறாள். அவள் வேலை பார்க்கும் மலப் பரிசோதனை அறை மாடியில், கடைசியில். ஃபினாயில் வாடையும் அதற்கு அடங்காத இன்னொரு வாடையும் அவளுக்குப் பழக்கம்தான். பழகாதது பசி. வீட்டில் மூன்று தட்டுச் சோறு தின்றுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி சின்னவள், செத்து இன்றோடு இருபது நாள்.

அந்தச் சின்னவளைக் கண்டாலே இவளுக்கு வயிறெரியும். எவ்வளவு தின்றாலும் கொடி மாதிரி உடம்பு. மாமியார் அள்ளி அள்ளிப் பரிமாறிவிட்டு, "இவளுக்கு ஒட்டவே மாட்டேங்குது பாரேன்" என்று பூரித்துப்போவாள். காற்றைக் குடித்தாலே பருத்துவிடும் பெரியவளிடம் கேட்பது ஒன்றுதான்: "உனக்குப் போதும்ல?"

வயிற்றுவலி என்று சின்னவள் கொடுத்த சாம்பிள் இவள் கைக்குத்தான் வந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது. தடித்த ஓட்டோடு, உருண்டை உருண்டையாக நாடாப்புழுவின் முட்டைகள். அட, உன் அழகின் லட்சணம் இதுதானா என்று சந்தோஷமாகவே இருந்தது. மாத்திரையில் தீர்கிற விஷயம்தான். ஆனால் இன்னும் நாலு வாரம் போகட்டும், எலும்பும் தோலுமாக ஆகட்டும், அப்போது மாமியார் எப்படிப் பூரிக்கிறாள் பார்ப்போம்.

'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நாலு வாரம் ஆகவில்லை. புழுவின் குஞ்சுகள் ஏற்கெனவே மூளைக்குப் போயிருந்தன. சமையலறையில் வலிப்பு வந்து விழுந்த சின்னவள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பசி. தின்னத் தின்னப் பெரியவள் இளைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, "நல்லா மெலிஞ்சிட்டியே" என்றார்கள். வெட்கமில்லாமல் அதுவும் முதல் வாரம் இனித்தது. பிறகு பயந்துபோய்ப் புழு மாத்திரை போட்டாள். போட்ட மாத்திரை முழுசாக வாய்வழியே திரும்பி வந்தது. மூன்று தடவை.

இன்று தன் சாம்பிளைத் தானே பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

இன்னொரு ஸ்லைடு. அதிலும் ஒன்றுமில்லை.

வயிற்றுக்குள் மட்டும் ஏதோ மெல்லப் புரண்டு படுத்தது.

ரிப்போர்ட்டோடு கீழே டாக்டரம்மாவிடம் ஓடினாள். "என்னை அட்மிட் பண்ணிக்குங்கம்மா. உள்ள என்னமோ இருக்கு."

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே. நீங்களே பாத்து நீங்களே எழுதினதுதானே?" டாக்டரம்மா குனிந்து எழுதியபடியே சொன்னாள். "துக்கம்தான். நல்லா சாப்பிடுங்க, சரியாயிடும்."

'அன்னிக்குச் சின்னவளுக்கு நான் எழுதினது பொய்.' அதைச் சொல்லிவிட்டால் உள்ளே இருப்பது தன்னை விட்டுவிடும் என்று ஒரு நப்பாசை. பெரியவள் வாயைத் திறந்தாள்.

வந்தது அவள் குரல் இல்லை.

"டாக்டரே சொல்லிட்டாங்கல்லக்கா. வா, சாப்பிடப் போலாம்."

டாக்டரம்மா நிமிரவே இல்லை. "கூட யாரு வந்திருக்கா? வெளிய உக்காரச் சொல்லுங்க" என்றாள்.