கைக்குட்டையில் இரண்டு சொட்டு

கதவைத் தட்டக்கூடத் தோன்றாமல் உள்ளே வந்து நின்றாள் அந்தப் பெண். இருமல் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேதியியலாளர்.

"சாயங்காலத்துக்குள்ள நான் திருடலைன்னு காட்டணும் சார். இல்லேன்னா போலீஸ்ல குடுத்துடுவாங்களாம்."

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருக்கு உதவியாளராக இருந்த மச்சினி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"கேஸ் என்னன்னே தெரியலையேம்மா."

"வழியில கேட்டுக்கலாம் அத்தான்!"

காரில் விஷயம் வெளிவந்தது. சளியை இளக்கும் புது மருந்துக்காக அன்னாசிப்பூவிலிருந்து அவள் வடித்துச் சுத்திகரித்த எண்ணெயில் ஒரு புட்டி காணாமல் போயிருந்தது. நேற்று மாலை முதலாளி அவளை வெளியே அனுப்பி, ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இன்று காலை அவர் வாசலில் நிற்க, விற்பனை மேலாளர் உள்ளே போய்த் தேடினார். புட்டி அங்கே அவள் பயன்படுத்தும் ஃபிரிட்ஜில் கிடைத்ததாம்.

"மூலையில ஒளிச்சு வச்சிருந்தா," என்றார் மேலாளர், அவர்கள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும். "எடுத்த கையோட கைக்குட்டையில ரெண்டு சொட்டு விட்டு மோந்தேன். அதே வாசனை. சாரும் பாத்தாரே!"

முதலாளி தலையாட்டினார்.

"ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடிச்சா?" துப்பறிவாளர் கேட்டார்.

"அது நிக்கவே நிக்காது. நாலு டிகிரி," என்றார் முதலாளி.

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "சொட்டு விட்டாரா? இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே!"

துப்பறிவாளர் புன்னகைத்தார். "ஒரு சோதனைக் குழாய்ல கொஞ்சம் எண்ணெய், சுத்தி ஐஸ். செஞ்சு காட்டும்மா."

அவள் குழாயை ஐஸில் அமிழ்த்தி, கண்ணாடிக் குச்சியால் உள்சுவரை உரசினாள். மச்சினி மூக்கு குழாயில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

"அத்தான்! வெள்ளையா... ஐயோ, கல்லாயிடுச்சு!"

"இந்த வாசனைக்குக் காரணம் அனெத்தோல்னு ஒரு பொருள். இவ்வளவு சுத்தமா இருந்தா, குளிர்ல தேங்காய் எண்ணெய் மாதிரி உறைஞ்சுடும். ராத்திரி பூரா ஃபிரிட்ஜ்ல இருந்த புட்டியை எடுத்த கையோட கவுத்தா, சொட்டு எப்படி விழும்?"

மச்சினி துள்ளினாள். "புட்டி ஃபிரிட்ஜ்ல இல்லவே இல்ல! இவரு பையில வந்திருக்கு! எடுக்கற மாதிரி நடிச்சிருக்காரு!"

மேலாளர் முதலாளி பக்கம் திரும்பினார். "போட்டிக் கம்பெனில சாம்பிள்தான் கேட்டாங்க சார்... காலையில நீங்க எல்லார் பையையும் சோதிக்கப் போறேன்னீங்க, பயந்துட்டேன்."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு தாழ்ந்த குரலில், "சரிம்மா, போய் வேலையைப் பாரு," என்றார்.

அவள் அசையவில்லை.

"திருடின்னு கம்பெனி முழுக்கக் கேக்கறாப்பலதானே சொன்னீங்க? இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க சார்."

முதலாளி ஆய்வகக் கதவைத் திறந்தார். பிறகு வெளியே போய், இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார்.