முப்பத்திரண்டு வாழ்த்துரைகள்

ஐப்பசி மழை நாலு நாளாகத் தஞ்சாவூரை விடவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் சம்பா நடவு மூழ்கிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூட மறந்து, கமருன்னிஸாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் வந்து நின்றாள் சான்ட்ரா.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள ஃபைல் வரலைன்னா என் மேல போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறாராம் முதலாளி."

முதலாளி என்பது அச்சக அதிபர் வாஞ்சிநாதன். நாளை மறுநாள் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு ஒரு மலர். அதில் முப்பத்திரண்டு பிரமுகர்களின் வாழ்த்துரை. பக்கங்களை வடிவமைத்தவள் சான்ட்ரா. ஃபைல்கள் எல்லாம் பின்னறை லினக்ஸ் சர்வரில் இருந்தன. முன்னறையின் மூன்று விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க் வழியே அவற்றைத் திறக்கும். நேற்றுக் காலையிலிருந்து வாழ்த்துரை ஒன்றும் திறக்கவில்லை.

"அதுக்கு முந்தின நாள் ஏதாவது தகராறா?" என்றார் மருதையன். ஊர்க்காவல் படையில் இருபது வருஷம் இருந்துவிட்டுக் கமருன்னிஸாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். இன்னும் ஒரு குற்றவாளிகூட அவர் கையில் சிக்கவில்லை என்பது அவருடைய மனக்குறை.

"லீவு கேட்டேன். திட்டினார்."

மருதையன் நோட்டில் 'மோட்டிவ்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

மூவரும் கீழவாசலில் இருந்த அச்சகத்துக்குப் போனார்கள். உள்ளே முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். மழைக்காலத்தில் அந்த வியாபாரம் மட்டும் படுப்பதில்லை. வாஞ்சிநாதன் புகார்க் கடிதத்தோடு தயாராக இருந்தார். 'தஞ்சைத் தமிழ்ச்சுடர் அச்சுக்கலை வேந்தர் அறநெறிக் காவலர் வாஞ்சிநாதன் ஆகிய நான்' என்று தொடங்கியது அது. பட்டம் வழங்கிய மூன்று அமைப்புகளுக்கும் அவரே தலைவர்.

"முந்தாநாள் நானே சர்வரில் அமர்ந்து அனைத்தையும் முறைப்படுத்தினேன். மறுநாளே இந்தப் பெண் நாசவேலை செய்துவிட்டாள்."

"ஏன் சார், உங்க கம்ப்யூட்டர்லேர்ந்தே செஞ்சிருக்கலாமே?" என்றாள் கமருன்னிஸா.

"அதற்கு மரியாதை தெரியவில்லை. மறுத்துவிட்டது."

அந்தப் பதிலை மருதையன் கவனிக்கவில்லை. சான்ட்ராவின் கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கமருன்னிஸா மூன்று கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்தாள். மலரின் அட்டை திறந்தது. பழைய வேலைகள் திறந்தன. வாழ்த்துரைகள் மட்டும் எதிலும் திறக்கவில்லை. பின்னறைக்குப் போய்ச் சர்வரிலேயே தட்டினாள், முப்பத்திரண்டும் திறந்தன. அங்கேயே அரைமணி நேரம் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லோரையும் பின்னறைக்கு அழைத்தாள்.

"வைரஸ்தானே மேடம்?" என்றார் மருதையன்.

"இல்லண்ணே. பாஸ்வேர்டும் இல்ல, பாஸ்வேர்டு கோளாறுன்னா அட்டையும் திறக்காது. யாரும் அழிக்கவும் இல்ல. அழிச்சிருந்தா இங்கயும் இருக்காது. அட்டை வெளி ஃபோல்டர்ல இருக்கு, திறக்குது. வாழ்த்துரை உள்ளுக்குள்ள கடைசி அடுக்குல இருக்கு, திறக்கல. சான்ட்ரா, முதல்ல ஃபோல்டருக்கு என்ன பேரு வச்சிருந்தே?"

"மலர்னு."

"வெறும் மலராம்," என்றார் வாஞ்சிநாதன்.

"சார் அது பொறுக்காம ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு ஃபோல்டர் போட்டு, மூணுக்கும் மூணு பட்டத்தோட தன் பேரை முழுசா வச்சிருக்கார். லினக்ஸ் வாங்கிக்கிச்சு. ஆனா விண்டோஸ்ல, முதல் ஃபோல்டர்லேர்ந்து ஃபைல் பேர் வரைக்கும் எல்லாம் சேர்த்து இருநூத்தி அறுபது எழுத்துக்குள்ள இருக்கணும். தமிழ்ல கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனி எழுத்தா எண்ணும். சாரோட கம்ப்யூட்டர் அதனாலதான் மறுத்துச்சு. அது சொன்னதைக் கேட்டிருந்தா இந்தப் பொண்ணு ரெண்டு நாள் அழுதிருக்க வேணாம்."

மூன்று ஃபோல்டருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் மாற்றினாள். முன்னறையில் எல்லாம் திறந்தன.

"வெறும் ஒன்றா?" என்றார் வாஞ்சிநாதன்.

மருதையன் நோட்டை மூட மனமில்லாமல், "இருந்தாலும் கோவத்துல இந்தப் பொண்ணு ஏதாவது..." என்று இழுத்தார்.

"தான் எழுதினதை யாரண்ணே அழிப்பா? முப்பத்திரண்டும் ஒரே கை. காலேஜ் பிரின்சிபாலும் ரைஸ்மில் ரெத்தினமும் ஒரே மாதிரியா நெகிழ்வாங்க?"

மருதையன் வாஞ்சிநாதனைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் லெட்டர் போட்டோம்," என்றாள் சான்ட்ரா மெதுவாக. "ஒருத்தரும் அனுப்பல. சார்தான் என்னை எழுதச் சொன்னாங்க."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. வாஞ்சிநாதன் புகார்க் கடிதத்தைக் குறுக்குவாட்டில் நாலாகக் கிழித்தார். கிழிக்கும்போதும் பட்டங்கள் இருந்த வரி கிழியாமல் அதற்குக் கீழேதான் கிழித்தார். அதை மருதையன் கவனித்துவிட்டார்.

"முப்பத்திமூணாவதா ஒரு ஃபைல் காலியா இருக்கே," என்றாள் கமருன்னிஸா. 'மகன் வசிஷ்ட்' என்று அதற்குப் பெயர்.

"அதையும் நீயே எழுதிவிடு சான்ட்ரா."

"அதை மட்டும் நான் எழுத மாட்டேன் சார். உங்க மகனுக்குப் போன் பண்ணிக் கேளுங்க. இல்லன்னா கம்ப்ளெயின்ட்டே கொடுங்க."

வாஞ்சிநாதன் போனை எடுத்தார். மகனின் எண் வரை போனார். பிறகு போனைச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து முதல்முறையாக மேடைத் தமிழ் வரவில்லை.

"அந்தப் பக்கத்துல ஏதாவது பூப்படம் போட்டுடும்மா."